அந்தத் தலையாட்டல்

அத்தியாயம் 14

மார்ச் மாதத்தில் சங்கத்துச் சட்டையை நாலாக மடித்து, மச்சான் வீட்டு மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கி வந்தவன் கோரிக். பதினைந்து வருஷம் அந்தச் சங்கத்துக்காக சைக்கிள் மிதித்தவன். மாமனார் அஹீல் இருந்தவரை அவர் இழு என்றால் மற்றவர்களுக்காக முன்னால் போய்க் காற்றை வாங்கி இழுப்பான், விடு என்றால் விடுவான். அவர் கண்ணை மூடிய பிறகு பொறுப்புக்கு வந்த மச்சான் ஸ்டெய்ன் ஒரு நாள் நாலு பேர் நடுவில் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கோரிக்கா? அவன் இழுக்குறதுக்குன்னே பொறந்தவன்."

அவ்வளவுதான். அன்றிலிருந்து ஐந்து மாதமாக இரண்டு வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு தனித்தனி.

இன்று மெய்ரல்கெம் ஊர்த் திருவிழாவின் திங்கட்கிழமை. முப்பது வயதைத் தாண்டிய அமெச்சூர்களுக்கான பந்தயம் மதியம் இரண்டு மணிக்கு. வருஷா வருஷம் நடப்பதுதான் என்றாலும் இந்த வருஷம் அதற்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள்: அஹீல் நினைவுப் பந்தயம். ஜெயித்தவன் தன் பூச்செண்டை எல்லைக் கோட்டுக்கு எதிரே, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் அவர் கல்லறையில் வைக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு பண்ணியிருந்தது.

"நேரா நில்லுப்பா. கோணலா குத்தினா காத்துல படபடன்னு அடிச்சுக்கும்."

சமையலறையில் கோரிக்கின் முதுகில் நம்பர் துணியைக் குத்திக்கொண்டிருந்தாள் மகள் நேலெ. பதினாறு வயது. வாயில் நாலு ஊக்குகளைக் கவ்விக்கொண்டே பேச அவளுக்கு மட்டும்தான் வரும்.

"உங்க தாத்தா நாலு ஊக்குதான் போடுவார்."

"நான் ஆறு போடுறேன். சங்கத்துக்காரனுக்கு நாலு, தனியா ஓட்டுறவனுக்கு ஆறு."

தொட்டியருகே கீரை அலசிக்கொண்டிருந்த மனைவி வேர்லெ திரும்பாமலே கேட்டாள். "கோரிக், ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"இன்னைக்கு ஒரு நாள் அவனுக்கு விட்டுக்குடுத்துடேன். அப்பா பேர்ல நடக்குது. பிள்ளை கையால பூ போனா நல்லா இருக்கும்னு ஊரே நினைக்குது."

"ஏன், மருமகன் கையில என்ன முள்ளா முளைச்சிருக்கு?"

"நான் அப்படிச் சொல்லல."

"பந்தயம்னா பந்தயம்தான், வேர்லெ. நாற்பத்து நாலு வயசாச்சு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் கோட்டைத் தாண்டும்போது எனக்கு முன்னாடி யாரும் இருக்கக் கூடாது. கேட்கக் கூடாத ஆசையா இது?"

வேர்லெ கீரையை இன்னொரு தடவை அலசினாள். கேட்கக் கூடாத ஆசை இல்லைதான். அது அவளுக்கும் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து அவன் ஜெயித்து அவள் பார்த்ததில்லை. தம்பி ஜெயித்த பந்தயங்களில் எல்லாம் இவன் இருபதாவது, முப்பதாவது ஆளாக, முகமெல்லாம் உப்புப் பூத்து வருவதைத்தான் பார்த்திருக்கிறாள்.

நேலெ கடைசி ஊக்கைக் குத்திவிட்டு, மேஜை மேலிருந்த ஒரு படிவத்தை எடுத்து நீட்டினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முதல் பந்தயம். படிவம் புதன்கிழமைக்குள் போயாக வேண்டும்.

"இதுல சங்கம்னு ஒரு கட்டம் இருக்குப்பா. 'இல்லை'ன்னு எழுதிடவா? உன்ன மாதிரி."

"யோசிச்சு எழுது. தனியா ஓட்டுறது லேசுப்பட்ட காரியம் இல்ல."

"நீதானே சொன்ன? கூட நாலு பேர் இருக்கிறவன் பொய் சொன்னாக் கூடப் பிழைச்சுக்குவான். தனியா ஓட்டுறவன் பேச்சு ஒரு தடவை பொய்யாப் போச்சுன்னா அப்புறம் எவனும் அவனைப் பக்கத்துல சேர்க்க மாட்டான்னு."

"சொன்னேன்தான்."

"அப்ப எனக்கு அது போதும். நான் பொய் சொல்ல மாட்டேன்." பேனாவைத் தேடினாள், கிடைக்கவில்லை. படிவத்தை மடித்துப் பின் பாக்கெட்டில் செருகிக்கொண்டாள். "சரி, வந்து எழுதிக்கிறேன். நான் சிற்றாலய வளைவுல தண்ணி பாட்டிலோட நிப்பேன். என்னைப் பார்."

*

ஐம்பத்திரண்டு பேர். இருபத்தைந்து சுற்று. சுற்றுக்கு இரண்டரைக் கிலோமீட்டர் கூட வராது. தேவாலயத்தில் கிளம்பி, கடைத்தெருவில் இறங்கி, ரொட்டிக்கடை முனையில் வலது பக்கம் திரும்பினால் சோளக்காட்டு நடுவே ஒடுக்கமான கான்கிரீட் பாதை. அங்கே காற்று பக்கவாட்டில் அறையும். அதைத் தாண்டினால் சிற்றாலய வளைவு. வளைவிலிருந்து கோட்டுக்கு இருநூற்றைம்பது மீட்டர்.

சங்கத்துச் சட்டை போட்டவர்கள் ஐந்து பேர். ஸ்டெய்னும் அவனுக்காக மிதிக்கும் நாலு பேரும். கோரிக் ஒற்றையாள். வெள்ளைச் சட்டை, அதில் ஓர் எழுத்து கிடையாது.

ஒற்றையாள் என்ன செய்வான்? யாராவது தப்பித்து ஓடினால் துரத்திப் பிடித்துக் கொடுக்க அவனுக்கு ஆள் இல்லை. ஆகவே எல்லாரையும் துரத்தக் கூடாது. ஒரே ஒருவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எவன் ஓடினால் மற்றவர்கள் துரத்தாமல் விட்டுவிடுவார்களோ, அவன் சக்கரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இன்று அது ஸ்டெய்ன். அவன் முன்னால் ஓடினால் அவனுடைய நாலு ஆட்களும் கூட்டத்தின் தலையில் உட்கார்ந்துகொண்டு, சந்தைக்குப் போகிற வேகத்தில் ஓட்டி, பின்னால் வருகிறவனையும் வரவிட மாட்டார்கள். பதினைந்து வருஷம் அந்த வேலையைச் செய்தவனுக்கு இது தெரியாதா?

எப்போது ஓடுவான் என்பதும் தெரியும். பத்தாவது சுற்றில் இடைப் பரிசுக்கு மணி அடிப்பார்கள். புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று. அதற்காக ஏழெட்டுப் பேர் முட்டி மோதிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நேரம்தான் ஸ்டெய்ன் எழுந்து மிதிப்பான். எப்போதும் அப்படித்தான்.

பத்து சுற்றும் கோரிக் கூட்டத்தின் மடியிலேயே கிடந்தான். ஒரு தடவை கூடக் காற்றை முகத்தில் வாங்கவில்லை. பன்றித்தொடையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். ரொட்டிக்கடை முனையில் ஸ்டெய்னின் முதுகு எழுந்தது. கோரிக் ஏற்கெனவே அந்த முதுகுக்குப் பின்னால் இருந்தான்.

அரைச் சுற்று கழித்து ஸ்டெய்ன் திரும்பிப் பார்த்தான். "நீயா?"

"நான்தான்."

"வேற யாரு வருவா." சிரித்தே விட்டான் ஸ்டெய்ன். "வா மச்சான். இழு."

கூட ஒருவன் தொற்றிக்கொண்டு வந்தான். பச்சைச் சட்டை, வெளியூர்க்காரன், சாமர்த்தியசாலி. மூன்று பேரும் முறை வைத்துக் காற்றை வாங்கினார்கள். ஒருவன் முன்னால், இரண்டு பேர் அவன் மறைவில், பிறகு அடுத்தவன். பதினைந்தாவது சுற்றில் கூட்டத்துக்கும் அவர்களுக்கும் இடையில் நாற்பது விநாடி. ஒலிபெருக்கியில் ரொஜர், இந்த ஊருக்கு முப்பது வருஷமாகக் குரல் கொடுக்கிறவர், "மாமன் மச்சான் ரெண்டு பேரும் ஒண்ணா வர்றாங்க, அஹீல் மேல இருந்து பார்த்துக்கிட்டிருப்பார்" என்று உருகினார்.

பதினெட்டாவது சுற்றில் கோரிக்கின் கால் செத்தது.

பொய்யில்லை, நிஜமாகவே செத்தது. தொடை கட்டையாகிவிட்டது. சோளக்காட்டுப் பாதையில் தன் முறை வந்தபோது இருபது மிதி மிதிப்பதற்குள் கண் இருட்டியது.

"முடியல மச்சான்," என்றான். "ஒண்ணும் மிச்சம் இல்ல. பின்னாடி தொங்கிக்கிட்டு வர்றேன். கடைசியில ஸ்பிரிண்ட் அடிக்க மாட்டேன்."

இந்தப் பக்கத்துத் தெருப் பந்தயங்களில் இது ஒரு எழுதாத ஒப்பந்தம். முடியாதவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் அவனை உதறிவிட மாட்டார்கள். அவன் முறைக்கு முன்னால் போகாமல், மறைவிலேயே சும்மா வரலாம். பதிலுக்குக் கடைசிக் கோட்டில் அவன் போட்டிக்கு வரக் கூடாது. வழியில் கால் திரும்ப வந்துவிட்டதா? அதற்கும் வழி உண்டு. முன்னால் போய் ஒரு முறை, ஒரே ஒரு முறை, காற்றை வாங்கு. அதோடு சொன்ன சொல் ரத்து. எல்லாரும் பழையபடி போட்டியாளர்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஸ்டெய்ன் தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். "குடி. பின்னாடி உட்காரு. விழுந்து கிழுந்து வைக்காதே, அக்கா என்னைக் கொன்னுடுவா."

உட்கார்ந்தான். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. காற்று எங்கேயோ மேலே போய்க்கொண்டிருந்தது. மச்சானுடைய இனிப்புத் தண்ணீர் வயிற்றில் இறங்கியது. கட்டை மெல்ல மெல்லத் தொடையானது. இருபத்திரண்டாவது சுற்றில், ரொட்டிக்கடை முனையில் எழுந்து மிதித்தபோது, கால் 'என்ன வேணும் சொல்லு' என்று கேட்டது.

கோரிக்குக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் பயம் வந்தது. முன்னால் போய் ஒரு முறை வாங்கினால் கால் மறுபடி செத்துவிட்டால்? அவர்கள் இருவரும் உஷாராகிவிட்டால்? ஸ்டெய்ன் தன்னைவிட எட்டு வயது சின்னவன், ஸ்பிரிண்டில் கெட்டிக்காரன். சரிசமமாக நின்றால் பத்துக்கு ஏழு தடவை அவன்தான் ஜெயிப்பான்.

இருபத்து மூன்றாவது சுற்று. சிற்றாலய வளைவு. ஸ்டெய்ன் வளைவுக்குள் இறங்கும்போது முழங்கையை வெளியே ஆட்டினான். 'முன்னால வர்றியா?' என்று அர்த்தம். தலையைத் திருப்பி கோரிக்கின் முகத்தைப் பார்த்தான்.

கோரிக் தலையை ஆட்டினான். இல்லை என்று. வாயைக் கொஞ்சம் திறந்து, நாக்கைத் தொங்கவிட்டு, செத்தவன் மாதிரி ஆட்டினான்.

நிமிர்ந்தால் நேலெ. வளைவின் உள்பக்கத்தில், பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றாள். அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு அவன் காலைப் பார்த்தாள். அந்தக் கால் அப்போது எவ்வளவு லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது என்று அப்பனிடமே சைக்கிள் பழகிய பெண்ணுக்குத் தெரியாமல் போகுமா?

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. சோளக்காட்டில் பச்சைச் சட்டை பாய்ந்தான். ஸ்டெய்ன் பல்லைக் கடித்து, இருக்கிற எல்லாவற்றையும் கொட்டி, அவனைப் பிடித்தான். பிடிக்கிறவன் முதுகு மறைவில் கோரிக் ஒரு துளி செலவில்லாமல் வந்தான். வளைவிலிருந்து வெளியே வந்ததும் ஸ்டெய்ன் நீளமாக ஸ்பிரிண்டைத் தொடங்கினான். அவன் பார்வையெல்லாம் இடது தோள் பக்கம், பச்சைச் சட்டை மேல். வலது பக்கம் பார்க்கவே இல்லை. வலது பக்கத்தில்தான் பயப்பட ஒன்றுமில்லையே.

தேவாலயச் சுவரின் ஓரமாக, காற்றில்லாத பக்கமாக, கோரிக் வந்தான். அரைச் சக்கரம் முன்னால் கோட்டைத் தாண்டினான். அவனுக்கு முன்னால் யாரும் இல்லை.

கையைத் தூக்கினான். தூக்கிய கையைப் பாதியிலேயே இறக்கினான். ஊர் கைதட்டவில்லை. கஃபே வாசலில் பீர்க் குவளையோடு நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். குதிரை ராட்டினத்தின் பாட்டு மட்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏழு சுற்றாக அவன் முன்னால் போகவே இல்லை என்பதைச் சின்னக் குழந்தை கூட எண்ணிக்கொண்டிருந்தது. இந்த ஊருக்கு வேறென்ன வேலை?

*

ரொஜர் வண்டி மேடையிலிருந்து மைக்கை நீட்டினார். அவர் தொழில் அது, கேட்டாக வேண்டும். "கோரிக், வாழ்க்கையில முதல் வெற்றி. அதுவும் மாமனார் பேர்ல. எப்படி இருக்கு? பின்னாடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தீங்களே."

ஸ்டெய்ன் இரண்டாவது படியில், ஒரு கையகலம் தள்ளி நின்றான். நேராகப் பார்த்தபடி நின்றான். அவன் ஏதாவது சொல்லியிருந்தால், கெட்ட வார்த்தையாகவே சொல்லியிருந்தால், கோரிக்குக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் வாயைத் திறக்கவில்லை. அப்பா பேரில் நடக்கும் பந்தயத்தில் மைக் முன்னால் சண்டை போடுகிறவன் இல்லை அவன்.

"கால் செத்துப் போச்சு," என்றான் கோரிக். "கடைசிச் சுத்துலதான் திரும்ப வந்துச்சு. எனக்கே ஆச்சரியம்."

ஒலிபெருக்கி அதை எடுத்துக்கொண்டு போய் ரொட்டிக்கடை வரை கொட்டியது. கூட்டத்தின் ஓரத்தில் நேலெ நின்றாள். பாட்டில் இன்னும் கையில் இருந்தது. அவன் அந்தப் பக்கம் பார்க்காமல் பூச்செண்டை வாங்கிக்கொண்டான். முகம் எரிந்தது. வெயில் அப்படியொன்றும் இல்லை.

கஃபேயின் பின்கட்டில் நீளமான மேஜை போட்டு, குடும்பத்துக்கு என்று கமிட்டி ஒதுக்கியிருந்தது. மாட்டிறைச்சிக் குழம்பு, மலைபோல உருளைக்கிழங்கு வறுவல், அரிசிக் கேக். ஐந்து மாதத்துக்குப் பிறகு இரண்டு வீடும் ஒரு மேஜையில் உட்காரும் என்று வேர்லெதான் பாடுபட்டு ஏற்பாடு செய்திருந்தாள். ஸ்டெய்னின் நாற்காலி காலியாக இருந்தது.

பூச்செண்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான் கோரிக்.

வேர்லெ குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பச்சைச் சட்டைக்காரர் வெளியில யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருக்கார். நீ ஸ்பிரிண்ட் அடிக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்தியாம். குடுத்தியா?"

"காத்துல என்ன கேட்டுச்சோ அந்தாளுக்கு. முடியலன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"வாக்குக் குடுக்கல?"

"குடுக்கல."

"சத்தியமா?"

"எத்தனை தடவை கேட்ப?"

எதிரே நேலெ ஒரு வறுவலைக் குழம்பில் தோய்த்தபடி இருந்தாள். தோய்த்தது தோய்த்தபடியே இருந்தது, வாய்க்குப் போகவில்லை.

"சரி," என்றாள் வேர்லெ. "நீ சொன்னா நம்புறேன்." தட்டில் குழம்பை ஊற்றி அவன் பக்கம் தள்ளினாள்.

கோரிக் ஒரு வாய் கூட எடுக்கவில்லை. எழுந்து வெளியே வந்தான்.

பின்முற்றத்தில் ஸ்டெய்ன் தன் சைக்கிளைத் தண்ணீர்க் குழாயால் கழுவிக்கொண்டிருந்தான். சுத்தமாக இருந்த சைக்கிளைத்தான் கழுவிக்கொண்டிருந்தான்.

கோரிக் பூச்செண்டை நீட்டினான். "நீயே வெச்சுடு ஸ்டெய்ன். உங்கப்பா."

"கமிட்டி ஜெயிச்சவன்தான் வைக்கணும்னு சொல்லியிருக்கு."

"நான்... இருபத்து மூணாவது சுத்துல நீ கேட்டப்போ..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

ஸ்டெய்ன் குழாயை மூடினான். "பதினஞ்சு வருஷம் உன் பின்னாடியே வந்திருக்கேன், கோரிக். நீ மூச்சு விடுறதை வெச்சே உன் காலைச் சொல்லிடுவேன். இருபத்திரண்டாவது சுத்துலயே உன் மூச்சு சரியாயிடுச்சு. கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன்டா சும்மா வந்த? வளைவுல ரெண்டு தடவை திடீர்னு வேகம் கூட்டியிருந்தா நான் கழண்டிருப்பேனே. வலது பக்கம் ஏன் பார்க்கல?"

"முழங்கையை ஆட்டிக் கேட்டேன். நீ இல்லன்ன." ஸ்டெய்ன் துணியை எடுத்துச் சக்கரத்தைத் துடைத்தான். "சரி, வந்த காலை வெச்சுக்கிட்டு சும்மா பின்னாடியே வருவான், மூணாவதா வருவான், அப்பாவுக்காக விட்டுக்குடுக்குறான், அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுறான்னு நினைச்சேன். கடைசிச் சுத்துல சந்தோஷமாகூட இருந்துச்சு. உன்னைப் பத்தி நான் மார்ச்ல பேசினது தப்புன்னு மேடையில சொல்லணும்னு நினைச்சுக்கிட்டே ஸ்பிரிண்ட் அடிச்சேன்."

மச்சான் என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து போயிருந்தது. கோரிக்குக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது. நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. சண்டை போட்டால் பதிலுக்குப் போடலாம். நல்லதாக நினைத்தவனிடம் என்ன பேசுவது?

"நேலெ உன்கிட்ட ஏதாவது கேட்டாளா?" என்று கேட்டான் கடைசியில்.

"பேனா கேட்டா," என்றான் ஸ்டெய்ன். "இல்லன்னு சொல்லிட்டேன்."

*

சைக்கிள் செருப்பின் இரும்புத் துண்டுகள் கல்லறைத் தோட்டத்துக் கல்பாதையில் டக் டக் என்று அடித்தன. ஊருக்கே கேட்கும்போல இருந்தது. கோரிக் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, காலுறையோடு நடந்தான். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் பூ. திருட வந்தவனைப் போல இருக்கிறோம் என்று அவனுக்கே தோன்றியது.

கருப்புக் கல்லில் அஹீலின் பெயர். உயிரோடு இருந்தபோது அந்த மனிதர் இவனை ஒரு நாளும் பாராட்டியது கிடையாது. ஆனால் ஜெயித்த மகனை விட்டுவிட்டு, முப்பதாவதாக வருகிற மருமகனுக்காகக் கோட்டில் துண்டோடு நிற்பார். முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, "போதும், வா சாப்பிட" என்பார். அது கோரிக்கின் நினைவுக்கு வந்தது. பூவைக் கல் மேல் வைக்கக் குனிந்தான், கை வரவில்லை.

"வெச்சுட்டியா?"

நேலெ கம்பிக் கதவருகே நின்றாள். எப்போது வந்தாளோ.

"இன்னும் இல்ல."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் முதுகிலிருந்த நம்பர் துணியின் ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். பந்தயம் முடிந்தால் கழற்ற வேண்டியதுதான், வழக்கம்தான். முதுகில் ஒவ்வொரு ஊக்கும் விடுபடுவது தெரிந்தது. மூன்றாவது ஊக்கில் கோரிக் பேசினான்.

"எனக்குக் கால் இருந்துச்சு, நேலெ."

"ம்."

"நீ நின்ன இடத்துல, மாமா கேட்டப்போ. நல்லா இருந்துச்சு. போய் ஒரு முறை இழுத்திருக்கலாம். பயந்துட்டேன். பொய் சொன்னேன்."

நாலாவது ஊக்கு. ஐந்தாவது.

"அம்மாகிட்டயும் பொய் சொன்ன."

"ஆமா."

"மைக்கிலயும் சொன்ன."

"ஆமா."

ஆறாவது ஊக்கும் வந்துவிட்டது. நேலெ துணியை மடித்து அவன் கையில் கொடுத்தாள். "எனக்கு முன்னாடியே தெரியும்ப்பா. எனக்குச் சொல்லி என்ன ஆகப் போகுது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. கணக்குப் பாடத்தில் தெரியாததைக் கேட்கிற குரலில் சொன்னாள். அவள் பின் பாக்கெட்டில் படிவத்தின் வெள்ளை முனை எட்டிப் பார்த்தது. அந்தக் கட்டத்தில் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்கிற தகுதி இன்று மதியம் மூன்றரை மணிக்குப் போய்விட்டது.

பூச்செண்டைக் கல் மேல் வைக்காமல், மறுபடி எடுத்துக்கொண்டான். செருப்பை மாட்டினான். டக் டக் என்று, இந்த முறை ஊருக்குக் கேட்கட்டும் என்று, நடந்தான்.

எல்லைக் கோட்டில் அடுத்த பந்தயத்துக்கு ஆட்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். ரொஜர் வண்டி மேடையில் பேர் பேராக வாசித்துக்கொண்டிருந்தார். கஃபே வாசலில் வேர்லெ, கையில் அவனுக்காக எடுத்து வைத்த தட்டோடு, அவனைத் தேடிக்கொண்டிருந்தாள். பீர்ப் பந்தலருகே ஸ்டெய்ன், சங்கத்து நாலு பேரோடு, முதுகைக் காட்டி நின்றான்.

கோரிக் மேடை ஏறினான்.

"அடடே, நம்ம வெற்றி வீரர் திரும்ப வந்திருக்கார்," என்றார் ரொஜர். "இன்னொரு வார்த்தை பேசணுமாம். பேசுங்க கோரிக்." மைக்கைக் கொடுத்தார்.

மைக் கனமாக இருந்தது. அது இவ்வளவு கனம் என்று போன தடவை பிடித்தபோது அவன் கவனிக்கவில்லை. கீழே நூறு முகங்கள். வேர்லெ தட்டை உயர்த்தி, 'ஆறுது, வா' என்று சைகை காட்டினாள்.

"இருபத்து மூணாவது சுத்துலயே எனக்குக் கால் இருந்துச்சு," என்றான் கோரிக்.

வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த ஊருக்கு அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கும். ரொட்டிக்கடை முனையில் இருந்த ஒலிபெருக்கி ஒரு விநாடி தாமதித்து அதே வரியை இன்னொரு தரம் சொன்னது.

வேர்லெயின் கை மெல்லக் கீழே இறங்கியது. சுற்றியிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். ரொஜர் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டி, நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார்.

கோரிக் பூச்செண்டோடு மேடையை விட்டு இறங்கி, பீர்ப் பந்தலை நோக்கி நடந்தான். சங்கத்து நாலு பேரும் விலகி வழி விட்டார்கள். ஸ்டெய்ன் திரும்பவில்லை.

அவனுக்குப் பக்கத்தில் நேலெ நின்றிருந்தாள். படிவத்தைப் பலகை மேல் விரித்து, பீர் ஊற்றுகிறவரிடம் ஒரு பேனா கேட்டுக்கொண்டிருந்தாள்.